இரண்டு துறைக்கு நடுவே முனைவர் பட்ட ஆய்வு: பதிவுக்கு முன் எதையெல்லாம் பேசி முடிக்க வேண்டும்?

#1 இரண்டாம்_வரிசை

கணினித் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்ய இருக்கிறேன். பேச்சில் வரும் தயக்கத்தைக் குரல் பதிவிலிருந்தே கண்டறிவதுதான் தலைப்பு. மொழியியல் துறைப் பேராசிரியர் ஒருவர் இணை நெறியாளராக இருக்கச் சம்மதித்துவிட்டார். உளவியல் துறையின் பதிவு அறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் பேச்சு. 40 பேர், ஆளுக்கு 50 துண்டு, ஆக 2000 ஒலித்துண்டுகள் என்பது இப்போதைய திட்டம்.

கேள்விகள் மூன்று. எந்தத் துறையில் பதிவு செய்வது நல்லது? இரண்டு நெறியாளர்களுக்கு நடுவில் வேலையை எப்படிப் பிரிப்பது? இந்தத் தரவுத் திட்டம் தாங்குமா?

#2 கோப்புக்கட்டு

முதல் கேள்விக்கு மட்டும். எந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கும் என்று பார்க்காதீர்கள், ஆய்வேட்டை எந்தத் துறையின் தேர்வாளர் படிக்க வேண்டும் என்று பாருங்கள். பதிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தேர்வாளர் பட்டியல் தயாராகும், அந்தத் துறையின் அளவுகோல்தான் கடைசியில் உங்கள் மேல் விழும். பட்டச் சான்றிதழில் வரும் பெயரும் பெரும்பாலும் அதுவே. ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'தொடர்புடைய பாடத்தில் பட்டம்' என்ற வரி எப்படி வாசிக்கப்படும் என்பதும் இதில் அடங்கும்.

விதிமுறைகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். ஆகவே விதிப்புத்தகத்தை எடுத்து இவற்றைத் தேடுங்கள்: இணை நெறியாளர் வேறு துறையில் இருக்கலாமா, அவருக்குக் கையெழுத்து அதிகாரம் உண்டா அல்லது பெயர் மட்டும்தானா, வேறு துறையில் படித்த பாடத்தின் கிரெடிட் கணக்கில் வருமா, மாநாட்டுக் கட்டுரை வெளியீடாக ஏற்கப்படுமா, இதழ்க் கட்டுரை மட்டும்தானா, நெறியாளர் ஓய்வு பெற்றாலோ இடம் மாறினாலோ இணை நெறியாளர் தானாகப் பொறுப்பேற்பாரா.

கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. சிக்கல் வரும்போது வருவது அங்கேதான். இணை நெறியாளர் வேறு துறை என்பதால் அவரால் பொறுப்பேற்க முடியாது என்று விதி இருந்தால், நான்காம் ஆண்டில் உங்கள் தலைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கோப்பு போகும்.

இரண்டு துறைத்தலைவர்களிடமும் ஒரு பக்கக் குறிப்பில் கையெழுத்து வாங்கி வையுங்கள். இருக்கை எங்கே, கணினிச் சேவையக அனுமதி யார் தருவது, பதிவு அறையின் சாவி வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கருவி பழுதானால் எந்தத் துறையின் செலவு, பயணப்படி எந்தக் கணக்கில் என்று எழுதுங்கள். சில்லறை விஷயம் மாதிரித் தெரியும். துறைத்தலைவர் மாறியதும் வாய்ப்பேச்சில் கிடைத்த சாவி திரும்பிப் போய்விடும்.

#3 மறுப்புரை

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேலேயே சந்தேகம். முனைவர் பட்டம் என்பது ஒரு துறையில் ஆழமாக இறங்க முடியும் என்று காட்டுவதற்கு. துறை தாண்டுவதைப் பட்டம் வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். இரண்டு படகில் கால் வைத்தவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, செய்தே தீருவேன் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மொழியியல் பேராசிரியரை அந்த வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால் கேள்வி அப்படியே நிற்கிறதா? நிற்கிறது என்றால் அவர் உங்களுக்குத் தரவு கொடுக்கும் ஆள், அவ்வளவுதான். கணினிப் பகுதியை எடுத்தாலும் நிற்கிறதென்றால் நீங்கள் அவருக்கு நிரல் எழுதிக் கொடுக்கும் ஆள். பலதுறை ஆய்வு என்று சொல்லிக்கொள்ளும் பலவும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

'பேச்சில் தயக்கத்தைக் கண்டறிதல்' என்ற உங்கள் தலைப்பு இந்தச் சோதனையில் தேறாது.

#4 சொல்வண்டு

மறுப்புரை சொன்ன சோதனை சரி, முடிவுதான் சரியில்லை. தேறிய உதாரணம் ஒன்று: 1980-இல் டைனோசர் அழிவுக்கு விண்கல் மோதலைக் காரணம் காட்டிய கட்டுரை. எழுதியவர்கள் நால்வர். லூயிஸ் ஆல்வரெஸ் இயற்பியலாளர், அவர் மகன் வால்டர் புவியியலாளர், ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷெலும் அணுக்கரு வேதியியலாளர்கள். ஆரம்பக் கேள்வி விண்கல்லைப் பற்றியதே அல்ல. பாறை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் சுமார் 1 சென்டிமீட்டர் களிமண் படிய எத்தனை காலம் ஆனது என்பதுதான். விண்வெளித் தூசியோடு இரிடியம் என்ற அரிய உலோகம் சீராக வந்து விழுகிறது என்று வைத்துக்கொண்டு, அதையே கடிகாரமாகப் பயன்படுத்தப் பார்த்தார்கள். இத்தாலியில் எடுத்த மாதிரியில் இரிடியம் சுமார் 30 மடங்கு கூடுதலாக இருந்தது. கடிகாரம் பொய்த்தது, கேள்வி மாறியது. களிமண்ணை எங்கே வெட்டி எடுப்பது என்று வேதியியலாளருக்குத் தெரியாது. நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும் தனிமத்தை அளக்கப் புவியியலாளரால் முடியாது. இதில் யாரையும் எடுத்துவிட முடியாது.

இனி தயக்கத்துக்கு வருவோம். மூன்று துறையிலும் இந்த ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். கணினிக்காரருக்குத் தயக்கம் என்றால் ஒலி அலையில் ஒரு மௌன இடைவெளி. மொழியியலாளருக்கு உயிர் நீட்டம், 'ம்ம்', 'வந்து', பாதியில் விட்டு மறுபடி தொடங்கும் சொல். உளவியலாளருக்குக் கேள்வி முடிந்ததிலிருந்து பதில் தொடங்கும் வரை ஆகும் நேரம். மூன்றும் ஒரே துண்டில் மூன்று விதமான விடை தரும்.

மௌன இடைவெளிக்கு 250 மில்லிநொடி என்ற வரம்பைப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். 'கணினி தானே, இன்னும் நுட்பமாக அளக்கலாமே' என்று அதை 100-க்கு இறக்கினால் வம்பு. 'பக்கம்', 'பட்டு' என்ற சொற்களில் வல்லினம் இரட்டிக்கும் இடத்தில் வாய் அடைபடுகிறதே, அந்த அடைப்பே அலையில் மௌனமாகத்தான் விழும். தயங்காமல் 'பக்கத்து வீட்டுக்குப் போனேன்' என்றவரையும் நிரல் தயக்கக்காரர் என்று எண்ணிவிடும். வரம்பை எங்கே வைப்பது என்பது மொழியின் ஒலியமைப்பைப் பொறுத்தது. கேள்வியை இப்படித் திருப்பிப் பாருங்கள்: *வல்லின இரட்டிப்பு உள்ள மொழியில், அடைப்பு மௌனத்தையும் தயக்க மௌனத்தையும் சுற்றியுள்ள ஒலிக்கூறுகளை வைத்துப் பிரிக்க முடியுமா?* இப்போது இரண்டு துறையில் எதையும் எடுத்துவிட முடியாது.

இன்னொன்று. முதல் மாதத்திலேயே பொதுச் சொல்லேடு ஒன்று தொடங்குங்கள். ஒரு சொல், இந்த ஆய்வில் அதன் பொருள், இரண்டு நெறியாளர்களின் ஒப்புதல் தேதி, அது போதும். நம் மொழியில் இது இன்னும் அவசியம். 'மாதிரி' என்றால் புள்ளியியலாளருக்கு மக்கள் தொகையிலிருந்து எடுத்த கூறு, கணினிக்காரருக்கு மாடல், அதாவது தரவைக் கொண்டு பயிற்றுவித்த நிரல். 'மாதிரி சிறியது' என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தால் எதைச் சொன்னார்கள் என்று இரண்டு வாரம் கழித்து எவருக்கும் தெரியாது. ஒன்றைக் கூறு என்றும் மற்றதை மாடல் என்றும் பிரித்துவிடுங்கள். 'டோக்கன்', 'இலக்கணம்', 'சார்பு' மூன்றும் இதே ரகம்.

#5 எண்ணும்_எழுத்தும்

தரவுத் திட்டத்துக்கு வருகிறேன். 2000 துண்டு என்பது பார்வைக்குத்தான் 2000.

ஒரே ஆளின் 50 துண்டுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அவர் இயல்பிலேயே இழுத்துப் பேசுபவராக இருந்தால் 50-லும் இழுப்பார். அந்த ஒப்புமையை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்லலாம், தொகுதி ஒட்டுறவு என்று வைத்துக்கொள்வோம். வீக்கக் காரணி = 1 + (ஆளுக்கு உள்ள துண்டு − 1) × ஒட்டுறவு. மொத்தத் துண்டை இதனால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையில் கையில் இருக்கும் தகவல்.

ஒட்டுறவு 0.2 என்று வைத்தால்:

40 பேர் × 50 = 2000. காரணி 1 + 49 × 0.2 = 10.8. பயனுள்ள அளவு சுமார் 185.

40 பேர் × 20 = 800. காரணி 4.8. பயனுள்ள அளவு சுமார் 167.

80 பேர் × 10 = 800. காரணி 2.8. பயனுள்ள அளவு சுமார் 286.

முதல் இரண்டு வரியையும் சேர்த்துப் பாருங்கள். 1200 துண்டைத் தூக்கி எறிந்தும் இழப்பு 18தான். ஆட்களை இரட்டிப்பாக்கி ஆளுக்கு 10 துண்டோடு நிறுத்தினால் 2000-ஐ விடக் கூடுதலாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு துண்டையும் கேட்டுத் தயக்கம் உண்டா இல்லையா என்று குறியிடும் உழைப்பும் குறையும். ஒரு துண்டுக்கு 2 நிமிடம் என்றால் 2000-க்கு ஒருவருக்கு 66 மணி நேரத்துக்கு மேல், 800-க்கு 27 மணி நேரத்துக்குள்.

0.2 என்பது நான் வைத்துக்கொண்ட எண். உங்கள் எண்ணை முன்னோட்டத்தில் கண்டுபிடியுங்கள். பத்துப் பேர் போதும், தோராயமாகத் தெரிந்துவிடும்.

#6 பைட்டுக்குறைவு

ஒரு திருத்தம். எண்ணும்_எழுத்தும் சொன்னது சராசரியை மதிப்பிடவும், ஆட்களுக்கு இடையே ஒப்பிடவும் பொருந்தும். மாடலைப் பயிற்றுவிக்கும்போது கூடுதல் துண்டுகள் கொஞ்சம் உதவத்தான் செய்யும், கணக்கில் தெரிவது போல முழு வீண் இல்லை. ஆனால் புதிய ஆளின் பேச்சில் மாடல் நிற்குமா என்று கேட்டால் மறுபடி ஆட்களின் எண்ணிக்கைதான் பேசும்.

இதன் தொடர்ச்சியாக, கணினித் துறை ஆட்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று. துண்டுகளைக் கலக்கி 80 விழுக்காடு பயிற்சி, 20 விழுக்காடு சோதனை என்று பிரிப்பது. அப்படிப் பிரித்தால் ஒரே ஆளின் குரல் இரண்டு பக்கமும் இருக்கும். மாடல் தயக்கத்தைக் கற்காமல் ஆளைக் கற்றுக்கொள்ளும், 'இந்தக் குரல் வந்தால் தயக்கம்' என்று. சோதனையில் மதிப்பெண் அள்ளும், வெளியே வந்ததும் கவிழும். பிரிப்பது ஆள்வாரியாக இருக்க வேண்டும். 80 பேரில் 16 பேரின் ஒரு துண்டுகூடப் பயிற்சியில் கலக்கக் கூடாது. மொழியியல் தேர்வாளர் இதைக் கண்டுபிடிக்காமல் போகலாம், கணினித் தேர்வாளர் முதல் கேள்வியாகவே கேட்பார்.

#7 இரண்டாம்_வரிசை

எல்லாருக்கும் நன்றி. கேள்வியை சொல்வண்டு சொன்னபடி மாற்றி இருவரிடமும் கொடுக்கிறேன். 80 × 10 என்று திட்டத்தையும் மாற்றினேன். ஒலிப்பதிவு எந்த வடிவத்தில்? கைபேசியில் எடுத்தால் போதும் என்கிறார் என் நெறியாளர், போதாது என்கிறார் இணை நெறியாளர்.

#8 அலைநீளம்

இருவர் சொல்வதும் அவரவர் துறைக்குச் சரி, சண்டை அங்கேதான்.

பேச்சறி மாடல்கள் பலவும் 16 கிலோஹெர்ட்ஸ் ஒலியை, அதாவது நொடிக்கு 16,000 முறை அளந்து பதிந்த ஒலியைத்தான் உள்ளே வாங்கும். ஆகவே கணினிக்காரர் 16-லேயே பதிவு செய்துவிடலாம் என்பார். 16 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் அதில் பாதியான 8 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் உள்ள எதுவும் பதிவில் இருக்காது. 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகளின் ஆற்றலில் ஒரு பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஒலியியலாளர் பிறகு அதை அளக்க நினைத்தால் போனது போனதுதான். 48-லிருந்து 16-க்கு இறக்கலாம், 16-லிருந்து 48-க்கு ஏற்றினால் வெறும் காலி இடம்தான் கிடைக்கும்.

ஆகவே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம், சுருக்காத வேவ் கோப்பு. இடம் பெரிய விஷயமல்ல: 48,000 × 3 பைட், நொடிக்கு 1,44,000, மணிக்கு 518 மெகாபைட் வரும். 80 பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் 20 மணி நேரம், 10.4 ஜிகாபைட். ஒரு விரலளவு நினைவகத்தில் அடங்கும். மூலக்கோப்பை 'படிக்க மட்டும்' என்று பூட்டுங்கள். மாடலுக்கு 16-க்கு இறக்கிய நகலைத் தனி அடைவில் வையுங்கள்.

கைபேசியில் உண்மையான சிக்கல் 16, 48 என்ற அந்த மாதிரிவீதம் அல்ல (பார்த்தீர்களா, இங்கேயும் ஒரு 'மாதிரி'). இரைச்சல் நீக்கமும் தானியங்கி ஒலிமட்டச் சீரமைப்பும்தான். பல கைபேசிகளில் இவை இரண்டும் உங்களைக் கேட்காமலே ஓடும். ஒருவர் தயங்கிக் குரலைத் தாழ்த்தினால் கருவி உடனே ஒலிமட்டத்தை உயர்த்திச் சமன் செய்துவிடும். இரைச்சல் நீக்கி, மெலிந்த 'ம்ம்' ஒன்றைப் பின்னணிச் சத்தம் என்று கருதி வெட்டிவிடும். நீங்கள் தேடுகிற பொருளையே கருவி துடைத்துவிட்டுக் கொடுக்கிறது. தனி ஒலிவாங்கி, ஒலிமட்டம் கையால் வைத்தது, வாயிலிருந்து ஒரே தூரம். தலையில் மாட்டும் ஒலிவாங்கி என்றால் தூரம் மாறாது, ஆள் தலையைத் திருப்பினாலும் கவலையில்லை. உச்சத்தில் வெட்டுப்படாமல் இருக்க, உரத்த பேச்சு −12 டெசிபெல் பக்கம் நிற்குமாறு மட்டத்தை வையுங்கள். 24 பிட்டில் அவ்வளவு இடம் விட்டாலும் தரம் குறையாது.

உளவியல் துறை அறையில் குளிர்சாதனத்தை அணைக்க முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

#9 சொல்வண்டு

குறியிடுதலில் இரண்டு துறைக்கும் அளவு வேறு. 'இருவர் 90 விழுக்காடு ஒத்துப்போனார்கள்' என்று கணினித் துறைக் கூட்டத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

200 துண்டு. இருவரும் 'தயக்கம்' என்றது 10. முதலாமவர் மட்டும் சொன்னது 10, இரண்டாமவர் மட்டும் சொன்னது 10. இருவரும் 'இல்லை' என்றது 170. ஒத்தது 180, அதாவது 90 விழுக்காடு. ஆனால் ஒவ்வொருவரும் மொத்தத்தில் 20 துண்டை, பத்தில் ஒன்றைத்தான் தயக்கம் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு இந்த விகிதத்தில் குறியிட்டாலே 0.1 × 0.1 + 0.9 × 0.9 = 0.82 ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்தால் (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. இதுதான் 1960-இல் கோகன் கொடுத்த கப்பா. 0.44 என்றால் இருவரும் வெவ்வேறு பொருளைக் குறிக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டிய அளவு. தயக்கம் என்று யாராவது ஒருவர் சொன்ன 30 துண்டில் ஒத்தது 10தானே?

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுப் பெரும்பான்மை எடுப்பது. முதலில் ஒவ்வாத அந்த 20 துண்டையும் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். காரணம் பெரும்பாலும் எப்படிக் குறியிடுவது என்று சொல்லும் கையேட்டில்தான் இருக்கும்: 'வந்து' என்பதை ஒருவர் தயக்கமாகவும் மற்றவர் வினையெச்சமாகவும் எடுத்திருப்பார். 'கடைக்கு வந்து வாங்கினேன்' தயக்கம் அல்ல, 'அது வந்து… தெரியல' தயக்கம் என்று கையேட்டில் இரண்டு எடுத்துக்காட்டு சேர்த்துவிட்டு, புதிய 200 துண்டில் மறுபடி அளக்க வேண்டும். பேசித் தீர்த்த அதே துண்டுகளில் அளந்தால் எண் பொய்யாக ஏறும். மூவரோ மேலோ குறியிட்டால், விடுபட்ட துண்டுகள் இருந்தால், அதற்கும் பொருந்தும் ஒப்புமை அளவான கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபாவுக்கு மாறுங்கள்.

குறியிடுபவர்கள் ஒரே துறையில் இருக்க வேண்டாம். மொழியியல் மாணவர் இருவரும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் கற்றிருந்தால் கப்பா உயரும், ஆனால் அது வகுப்பின் ஒற்றுமை.

#10 ஒற்றுப்பிழை

பேச்சைக் கேட்டு எழுத்தில் பதிவது பற்றி யாரும் பேசவில்லை. 'கொ' என்ற எழுத்தைக் கோப்பில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வும் ஒகரக் குறி ஒன்றும் என இரண்டு குறியீடு. அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றேபோல இருக்கும். கணினிக்கு வேறு வேறு சொல். மொழியியல் துறையில் ஒரு விசைப்பலகை, கணினித் துறையில் இன்னொன்று என்று தட்டியிருந்தால் 'கொஞ்சம்' சொற்பட்டியலில் இரண்டு வரியாக வந்து நிற்கும், எண்ணிக்கை இரண்டாகப் பிளக்கும்.

மருந்து எளிது. எந்தக் கோப்பையும் படித்தவுடன், இப்படிப்பட்ட இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தை ஓட்டுங்கள், பைத்தானில் ஒரே வரி. ஆனால் ஔ-வுக்கு அது உதவாது. ஔ என்ற தனி எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுபவர்கள் நிறைய. அது இயல்பாக்கத்தில் சேராது, ஏனென்றால் ஒ-வும் ள-வும் நிஜமாகவே இரண்டு எழுத்து, 'ஒளி'யில் வருவது போல. தனிப்பட்டியல் போட்டுக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்து சேமிப்பதையும் தவிருங்கள். தமிழ் எழுத்து சிதைவது ஒரு பக்கம், தேதி போலத் தெரிவதையெல்லாம் அது தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் மனித மரபணுப் பெயர்களுக்குப் பொறுப்பான குழுவே செப்ட்1, மார்ச்1 வகைப் பெயர்களை மாற்றியதை 2020-இல் அறிவித்தது. மென்பொருளைத் திருத்துவதை விட மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

#11 கோப்புக்கட்டு

ஒலிவாங்கியை வாங்கும் முன், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி. கணினித் துறையில் இதற்குப் பழக்கம் குறைவு, 'ஒலிக்கோப்புதானே' என்பார்கள். அனுமதிக்கு முன் எடுத்த பதிவுகளுக்குப் முன்தேதியிட்டு அனுமதி கிடைக்காது, முன்னோட்டப் பத்துப் பேருக்கும் இது பொருந்தும். உளவியல் துறைக்குத் தனிக் குழு இருந்தால் எந்தக் குழு முதன்மை என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் இரண்டிலும் விண்ணப்பித்தால் ஒரு குழு கேட்ட திருத்தம் மற்றக் குழுவின் படிவத்தோடு முரண்படும், மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் 'ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்' என்று ஒரே வரி போதாது. தனித்தனிக் கட்டம் வேண்டும்: இந்த ஆய்வில் பகுப்பாய்வு, பிற ஆய்வாளர்களோடு பகிர்தல், வகுப்பிலோ மாநாட்டிலோ ஒலிக்கவிடுதல், மாடல் பயிற்சி, பொதுவெளியில் தரவை வெளியிடுதல். ஒருவர் முதலாவதற்குச் சம்மதித்துக் கடைசியை மறுக்கலாம், அந்த விவரம் கோப்புப் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரியாக ஏற வேண்டும்.

பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்று படிவத்தில் எழுதிவிடாதீர்கள். குரலே அடையாளம். விலகும் உரிமைக்கும் தேதி குறிப்பிடுங்கள். மாடல் பயிற்சி முடிந்த பின் ஒருவரின் பதிவை மட்டும் மாடலிலிருந்து உருவுவது நடைமுறையில் முடியாத காரியம். 'இந்தத் தேதி வரை விலகினால் எல்லாம் அழிக்கப்படும், அதன் பின் மூலக்கோப்பு மட்டும் அழிக்கப்படும்' என்று நேராகச் சொல்வது நல்லது.

#12 மறுப்புரை

எல்லாரும் தரவிலேயே நிற்கிறீர்கள். உறவு முறிவது கட்டுரையில். கணினித் துறையில் நல்ல மாநாட்டில் வந்த 8 பக்கக் கட்டுரை பெரிய விஷயம், மொழியியலில் பலர் அதை ஒரு முன்னறிவிப்பு அளவுக்குத்தான் மதிப்பார்கள், நீண்ட இதழ்க் கட்டுரை எங்கே என்பார்கள். பெயர் வரிசையும் அப்படித்தான். கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசை வழக்கம். ஆய்வகம் சார்ந்த உயிரியலில் வேலை செய்தவர் முதலில், குழுத்தலைவர் கடைசியில். கடைசிப் பெயர் ஒரு துறையில் மரியாதை, இன்னொரு துறையில் 'கூட இருந்தவர்'. இந்த வேறுபாடு தெரியாமல் இணை நெறியாளரை மரியாதைக்காகக் கடைசியில் போட்டு மனக்கசப்பாவது சாதாரணம்.

#13 பைட்டுக்குறைவு

அதற்கு ஏற்பாடு இருக்கிறதே. கிரெடிட் என்ற பங்களிப்பு வகைப்பாட்டில் 14 பாத்திரங்கள்: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, மேற்பார்வை என்று போகும். ஆய்வு தொடங்கும்போதே ஒரு அட்டவணை போட்டு யார் எதை எடுக்கிறார் என்று நிரப்புங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். வரிசைச் சண்டை வரும்போது ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

குறியிட்ட மாணவர்களை என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசுங்கள். கையேட்டின்படி குறியிட்டு ஊதியம் வாங்கியவருக்கு நன்றியுரை. கையேட்டையே மாற்றியமைத்துக் கட்டுரைப் பகுதியையும் எழுதியவருக்கு ஆசிரியர் இடம். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளையும் சேர்த்துக் கேட்கிறது: பங்களிப்பு, எழுத்து அல்லது திருத்தம், இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு. உங்கள் துறை மருத்துவமாக இல்லாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள வசதி.

எங்கே அனுப்புவது என்பதற்கு: ஒரே ஆய்வை இரண்டாக வெட்டி இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள், அது வேறு குற்றம். இரண்டு கேள்வியாகத் திட்டமிடலாம். அடைப்பையும் தயக்கத்தையும் பிரிக்கும் ஒலிக்கூறுகள் எவை என்பது மொழியியல் இதழுக்கு. அந்தக் கூறுகளை மாடலில் சேர்த்தால் புதிய ஆட்களிடம் பிழை எவ்வளவு குறைகிறது என்பது கணினி மாநாட்டுக்கு. தரவு ஒன்று, அதை இரண்டிலும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

#14 எண்ணும்_எழுத்தும்

தேர்வாளர் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு புறத்தேர்வாளர்கள், துறைக்கு ஒருவர் என்றால் ஒவ்வொருவரும் தன் பாதியை 'இது தெரிந்ததுதானே' என்பார், மற்றப் பாதியை 'புரியவில்லை' என்பார். முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இயலை இரண்டு துறைக்கு இரண்டு பாதியாக எழுதுவதால்தான் இது வருகிறது. சிக்கல்வாரியாக எழுதுங்கள்: மௌன வரம்பு என்ற தலைப்பில் இரண்டு துறையும் என்ன சொல்கின்றன, குறியிடும் ஒப்புமை என்ற தலைப்பில் என்ன சொல்கின்றன என்று. நீண்ட சூத்திரங்களும் ஒலியன் பட்டியலும் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

பாடங்களுக்கு: ஒலியியல் அறிமுகம் ஒரு பருவம் முறையாகப் படியுங்கள், தேர்வோடு. மதிப்பெண் இல்லாமல் உட்கார்ந்து கேட்பது ஐந்தாம் வாரத்தில் நின்றுவிடும். கலப்பு விளைவு மாடல்கள் புள்ளியியலில் தனியாகத் தேவைப்படும், ஆளை ஒரு தற்செயல் காரணியாக வைக்கும் பகுப்பாய்வு அதில்தான் வரும். உளவியல் பாடம் இப்போது வேண்டாம்.

#15 இரண்டாம்_வரிசை

வரிசையாக இப்படி வைத்துக்கொள்கிறேன்: கேள்வி, சொல்லேடு, துறைத்தலைவர் குறிப்பு, நெறிமுறை அனுமதி, பத்துப் பேர் முன்னோட்டம், கையேடு, கப்பா, பிறகு 80 பேர். கோப்புப் பெயர்களுக்கு ஆளின் பெயரும் தேதியும் போட்டால் போதுமா?

#16 ஒற்றுப்பிழை

ஆளின் பெயர் வேண்டவே வேண்டாம். மூன்று இலக்க எண் கொடுங்கள், 001-இலிருந்து. வெறும் 1, 2 என்று போட்டால் பல இடங்களில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்காரும். தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். 03-04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று இரண்டு துறையும் இரண்டு விதமாகப் படிக்கும். பிறகு அமர்வு எண். கோப்புப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் தவிர்க்கலாம், பழைய கருவி ஏதாவது ஒன்று திணறும்.

எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒலிக்கோப்புகள் இருக்கும் வட்டில் இருக்கக் கூடாது. கடவுச்சொல் பூட்டிய தனிக் கோப்பு, உங்களிடமும், நீங்கள் யாரிடம் ஆய்வுக்குப் பதிவு செய்கிறீர்களோ அந்த நெறியாளரிடமும் மட்டும். அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பதிவு அறைத் திரையின் ஓரத்தில் ஒட்டாதீர்கள், அந்த அறையின் சாவி மூன்று துறையில் சுற்றுகிறது.